மடியில் கனமில்லாதவரையும் பிடிப்பார்கள்

ஆர்ப்பாட்டத்தில் கைதான பிள்ளையை அழைத்துக்கொண்டு, சட்டத்தரணியான எனது அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதபடியால் பொலிஸாரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னான். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினான். சில வாரங்களில் அரச தரப்பு கையளிக்கும் ஆதாரக் கோப்பில் அந்த விளக்கம் முழுவதும் ஒளிப்பதிவாக என் மேசைக்கு வந்து சேரும். எந்த இடத்தில் நின்றான், யாருடன் வந்தான், கலைந்து போகச் சொன்ன அறிவிப்பு காதில் விழுந்ததா என்பது வரை தன் வாயாலேயே ஒப்புவித்திருப்பான். அண்மையில், படிப்பு அனுமதியில் கனடாவுக்கு வந்த ஒரு மாணவியின் கோப்பிலும் இதையே பார்த்தபோது, இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

கனடாவில் பொலிஸார் ஆர்ப்பாட்டங்களைக் கையாளும் விதம் பற்றிய பொது விவாதம் எப்போதும் கடைசியாக நடந்ததற்கு எதிர்த்திசையில் ஓடுவது. 2009 மே 10ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று, இலங்கையில் நடந்த போரை நிறுத்தக் கோரி நம்மவர்கள் ரொறன்ரோவின் கார்டினர் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். கூட்டத்தில் குழந்தைகளின் தள்ளுவண்டிகளும் இருந்தன. பொலிஸார் பலவந்தமாக அகற்றாமல் காத்திருந்தார்கள். நள்ளிரவையொட்டி மக்கள் இறங்கிப் போனார்கள். ஒருவரும் பெரிதாகக் காயப்படாமல் முடிந்த அந்த இரவுக்காகப் பொலிஸார் 'மென்மையாக நடந்துகொண்டார்கள்' என்று திட்டு வாங்கினார்கள். பதின்மூன்று மாதங்கள் கழித்து, அதே பொலிஸ் தலைவர் பில் பிளேயரின் காலத்தில், ரொறன்ரோவில் உலகத் தலைவர்கள் கூடிய ஜி20 மாநாட்டு வார இறுதியில் 1,100க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். திட்டு இப்போது 'அடக்குமுறை' என்று மாறியது. 2022இல் கொவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஒட்டாவாவை லொறிகள் மூன்று வாரங்கள் முடக்கியபோது மறுபடியும் 'மென்மை' என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நகரப் பொலிஸ் தலைவர் பீற்றர் ஸ்லோலி பதவி விலகினார். 1988இல் இயற்றப்பட்டு அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத அவசரகாலச் சட்டத்தை அரசு கையில் எடுத்தது. அப்போது கூட்டாட்சி அரசின் அவசரகாலத் தயார்நிலை அமைச்சராக இருந்தவர் வேறு யாருமல்ல, பில் பிளேயர்தான். அந்தப் பிரகடனம் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது என்று 2023இல் அதை விசாரித்த நீதிபதி ரூலோவின் ஆணைக்குழு, தயக்கத்தோடுதான் என்றாலும், முடிவு செய்தது. அடுத்த ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அது நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது.

தொழில்முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு: பேசிக் காத்திருந்த இரவுகளைவிட, பொறுமை இழந்த இரவுகளே பிற்பாடு வரி செலுத்துவோருக்கு அதிகச் செலவு வைக்கின்றன. ஆனால் நம்மவர்களின் உரையாடலில் என்னைச் சினமூட்டுவது வேறொன்று. நமக்குப் பிடித்த கூட்டத்தைக் கலைத்தால் அது அராஜகம். பிடிக்காத கூட்டம் என்றால் 'இவர்களை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்' என்ற கேள்வி. பொலிஸாருக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கச் சொல்கிறோமோ, அந்த அதிகாரம் அடுத்த வாரம் நம் பிள்ளை நிற்கும் தெருவுக்கும் வரும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இனி அந்தத் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்ற பழமொழியை நாம் சட்ட ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். தப்புச் செய்யாதவரைப் பொலிஸார் பிடிக்க மாட்டார்கள். பிடித்தால் ஏதோ செய்திருக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களும் பொய். அந்த ஜி20 மாநாட்டின்போது, 2010 ஜூன் 26, சனிக்கிழமை, ரொறன்ரோ நகர மையத்தில் பொலிஸ் கார்கள் எரிக்கப்பட்டன, கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. மறுநாள் மாலை குயீன் தெருவும் ஸ்பாடைனாவும் சந்திக்கும் இடத்தில் பொலிஸார் நாலா பக்கமும் அணிவகுத்துச் சுற்றிவளைத்தவர்களில், ஆர்ப்பாட்டம் செய்தவர்களோடு வெறுமனே அந்த வழியாக வந்தவர்களும் இருந்தார்கள். கொட்டும் மழையில் மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டார்கள். 'வீட்டுக்குப் போக விடுங்கள்' என்று கேட்டவர்களுக்கும் வழி விடப்படவில்லை. வார இறுதி முழுவதும் கைதானவர்களில் மிகப் பலர் ஈஸ்டேர்ன் அவெனியூவில் அமைக்கப்பட்ட தற்காலிகத் தடுப்பு நிலையத்தின் கம்பிக் கூண்டுகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் மீது வழக்கே பதியப்படவில்லை, அல்லது பதியப்பட்ட வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

அதே வாரத்தில், மாநாட்டு இடத்தைச் சுற்றிப் போடப்பட்ட பாதுகாப்பு வேலிக்கு ஐந்து மீற்றருக்குள் வருபவரைச் சோதிக்கவும் அடையாளம் கேட்கவும் அதிகாரம் உண்டு என்று பொலிஸார் அறிவித்தார்கள். 1939ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்றின் கீழ் ஒன்ராறியோ அரசு அதிகம் விளம்பரப்படுத்தாமல் ஒரு விதியை இயற்றியிருந்தது உண்மை. ஆனால் அது வேலிக்கு உட்பட்ட பகுதிக்குத்தான், வெளியே ஐந்து மீற்றர் என்ற விதி இருக்கவேயில்லை. மாநாடு முடிந்த பின்னரே அது ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மாகாணக் குறைகேள் அதிகாரி ஆந்த்ரே மரான் அந்த விதியைக் கடுமையாகச் சாடி அறிக்கை வெளியிட்டார். தெருவில் நின்று சட்டம் பேசலாம் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அன்று வேலிக்கு வெளியே சோதனைக்கு மறுத்தவர் சட்டப்படி சரியாக இருந்தார். எதிரே நின்ற அதிகாரிக்கு அது தெரியாது.

சரியாக இருந்ததற்கான பலன் எப்போது கிடைத்தது? சுற்றிவளைப்புக்குக் கட்டளையிட்ட மூத்த அதிகாரி 2015இல் ஒழுங்கு விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்டார். கைதானவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2020இல்தான் 16.5 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. ஒருவருக்கு 5,000 முதல் 24,700 டொலர் வரை. பத்து ஆண்டுகள். இன்னொரு வழக்கும் உண்டு. 2009இல் ஒன்ராறியோவின் கலிடோனியாவில் கனடியக் கொடியை ஏந்தி நடந்த ஒருவரை, எதிர்த் தரப்பினர் அவரைத் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் பொலிஸார் கைது செய்தார்கள். பிறர் அமைதியைக் குலைப்பார்கள் என்பதற்காக, சட்டத்தை மீறாத ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம், நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது 2019இல். இன்னும் சரியாகச் சொன்னால், நீதி கிடைக்கும்; அன்றிரவு கிடைக்காது.

ஆகவே அன்றிரவு செய்ய வேண்டியவை வேறு. கலைந்து போகச் சொன்னால் நகருங்கள். அந்தக் கட்டளை செல்லுமா செல்லாதா என்பதை நான் பிற்பாடு பார்த்துக்கொள்கிறேன். கலகக் கூட்டத்தைக் கலையச் சொல்லும் கலகப் பிரகடனம் வாசிக்கப்பட்டு 30 நிமிடங்களுக்குள் கலையாவிட்டால் குற்றவியல் கோவையில் அதற்குரிய உச்சத் தண்டனை ஆயுட்காலச் சிறை. அதை யாருக்கும் கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை, விளையாட வேண்டிய இடம் அதுவல்ல என்று சொல்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு போகாதீர்கள். கூட்டம் சட்டவிரோதமானது அல்லது கலகம் என்று ஆகிவிட்டால், முகமூடி தனிக் குற்றமாகும். பொலிஸார் மறித்தால் 'நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா, போகலாமா?' என்று அமைதியாகக் கேளுங்கள். போகலாம் என்றால் போங்கள். நின்று நன்றி சொல்லிக் கதை வளர்க்க வேண்டாம்.

கைதானால் பெயர், முகவரி, பிறந்த திகதி மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள்; அடையாளம் தெரியாவிட்டால் பிணை நீதிமன்றம் வரை வைத்திருக்க அதுவே காரணமாகும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இலங்கையின் சோதனைச் சாவடிகளில் வளர்ந்த நமது தலைமுறைக்கு இது கடினம் என்பது எனக்குத் தெரியும். கேட்காத கேள்விக்கும் பணிவாகப் பதில் சொல்லித்தான் அங்கே உயிர் தப்பினோம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டோம். இங்கே பொலிஸ் காரின் பின்னிருக்கையில் கமெரா இருக்கும். அறைக்குள் கைவிலங்கைக் கழற்றிக் கோப்பி கொடுத்து, 'உன் பக்கத்துக் கதையைச் சொல்' என்று கனிவாகக் கேட்கும் துப்பறிவாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவருடைய வேலை அதுதான்.

அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துவிட்டு, விசாரணையின்போது சட்டத்தரணி பக்கத்தில் அமர்ந்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கனடாவில் வயது வந்தவருக்கு அந்த உரிமை இல்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணைக்கு முன்பு சட்டத்தரணியுடன் தனிமையில் தொலைபேசியில் பேசும் உரிமை உண்டு. பணம் இல்லாதவருக்கும் கடமைச் சட்டத்தரணி இலவசமாகக் கிடைப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மட்டும் பெற்றோரும் சட்டத்தரணியும் உடனிருக்கக் கோரும் உரிமை உண்டு. கைபேசியின் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. (நாட்டின் எல்லையில் சுங்க அதிகாரி கேட்பது வேறு விடயம்; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

விடுவிக்கும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் அதை வாசிப்பதில்லை. குறிப்பிட்ட தெருவுக்குப் போகக் கூடாது, கூடவே கைதானவர்களுடன் எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். மறுநாள் காலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'எல்லோரும் சுகமா?' என்று ஒரு வரி போட்டால் அது புதிய குற்றச்சாட்டு. முதல் வழக்கு கைவிடப்பட்ட பின்னும் இரண்டாவது வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைக் காணும்போது எனக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரிவதில்லை. நிபந்தனை மிகையானது என்றால் மாற்றக் கேட்கலாம். மாற்றும் வரை அது நிபந்தனைதான்.

குடியுரிமை பெறாதவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும்' என்று நண்பர் சொன்னாலும் மாமா சொன்னாலும் கேட்காதீர்கள். இங்கே பல குற்றங்களை அரச தரப்பு சிறு குற்றமாகவோ பெருங்குற்றமாகவோ நடத்த முடியும். சிறு குற்றமாக நடத்தி அபராதம் மட்டும் விதித்தாலும், குடிவரவுச் சட்டம் அதைப் பெருங்குற்றமாகவே எண்ணும். பொலிஸாருக்கு இடையூறு செய்ததும் சொத்துக்குச் சேதம் செய்ததும் அந்த வகையில் அடங்கும். படிப்பு அனுமதியிலோ வேலை அனுமதியிலோ இருப்பவர் நாட்டில் தங்கும் தகுதியை இழக்க அது போதும். நிரந்தர வதிவாளருக்கு வரம்பு சற்று உயரம் என்றாலும், 5,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துச் சேதக் குற்றம் அந்த வரம்பைத் தொடும். வழக்கின் முடிவில், குற்றத் தீர்ப்பு பதியாமல் 'நிபந்தனையுடன் விடுவிப்பு' (conditional discharge) என்று நீதிபதி வழங்கும் முடிவு குடிவரவு நோக்கில் தண்டனைத் தீர்ப்பாகாது. அதற்காகப் பேச வேண்டிய இடம் இருக்கிறது, பேசத் தெரிந்தவர் பேச வேண்டும்.

பொலிஸார் தவறாக நடந்தால் முறைப்பாட்டை ஆறு மாதங்களுக்குள் செய்யுங்கள். ஒன்ராறியோவில் நட்டஈட்டு வழக்குக்கான காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். காயத்தை அன்றே படம் எடுங்கள், வைத்தியரிடம் காட்டிப் பதியுங்கள், பொலிஸாரின் இலக்கத்தை எழுதி வையுங்கள். பொலிஸாரைத் தூர நின்று படம் பிடிப்பது குற்றமல்ல. அவர்கள் வேலையில் குறுக்கிடுவதுதான் குற்றம்.

பெற்றோருக்கு ஒன்று. நள்ளிரவில் பிள்ளை பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தால், 'என்ன செய்தாய், ஏன் அங்கே போனாய்' என்று தொடங்காதீர்கள். பிள்ளை பதில் சொல்லிவிடுவான், பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டு எழுதுங்கள், சட்டத்தரணியுடன் பேசும் வரை வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், தொலைபேசியை வைத்துவிட்டு எங்களில் யாரையாவது எழுப்புங்கள்.