நம்ம ஸ்டாஃப்தானே பார்த்தாங்க என்று சொல்லாதீர்கள்

போன மாதம் மறுபடியும் ஒரு விசாரணை. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு ஒரு நோயாளியின் ஃபைலை வார்டு கம்ப்யூட்டரில் யாரோ திறந்திருக்கிறார்கள். யார், எப்போது திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் ஆடிட் லாகில் இருப்பது ஒரு சிஸ்டரின் பெயர். அவரோ இரவு 8 மணிக்கே டியூட்டி முடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய பாஸ்வேர்டு, மானிட்டர் ஓரத்தில் மைக்ரோபோர் பிளாஸ்திரியில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருந்தது. பார்த்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. கருக்கலைப்புக்காக வந்திருந்த அந்தப் பெண்ணின் விவரம் மூன்றாம் நாளே அவருடைய புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றும் அறியாத அந்த சிஸ்டர் என் எதிரே உட்கார்ந்து அழுதார்.

மருத்துவ ஆவணப் பிரிவில் இருக்கும் எனக்கு இது நான்காவது விசாரணை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "நம்ம ஸ்டாஃப்தானே சார் பார்த்தாங்க, வெளி ஆள் இல்லையே." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது வேறு, அந்த நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. ஒப்பீனியன் கேட்டாலொழிய, ஐந்தாம் மாடி டாக்டருக்கு இரண்டாம் மாடி ஃபைலில் வேலை இல்லை. உங்கள் சொந்த அத்தையே அட்மிட் ஆகியிருக்கலாம். அவரைக் கவனிக்கும் டீமில் நீங்கள் இல்லையென்றால் திறக்கக் கூடாது. அக்கறையில் பார்த்தேன் என்றாலும் கூடாது. பில்லிங்கில் இருப்பவருக்கு எச்.ஐ.வி. ரிசல்ட் எதற்கு? அதை ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாதென்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கி, நாள்கணக்கில் கையால் எழுதி ஓ.பி. நடத்தினார்கள். அதிலிருந்து நிர்வாகக் கூட்டம் என்றாலே, வெளித் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால் பேச்சுதான். வாங்குங்கள், அவசியம். ஆனால் நான் விசாரித்த நான்கில் ஒன்றுகூட வெளியிலிருந்து வந்ததில்லை.

ஆளுக்கு ஒரு லாகின். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் வேலை. ஒருவர் ராஜினாமா செய்தால் அவருடைய ஐடி அன்று மாலைக்குள் மூடப்பட வேண்டும். எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டர் எந்த ஃபைலையும் திறக்கட்டும், காரணத்தை ஒரு வரி டைப் செய்யட்டும், மறுநாள் காலை நாங்கள் சரிபார்ப்போம். கன்சல்டன்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கேன் அனுப்புகிறவர்களே, மூலையில் நோயாளியின் பெயர் இருக்கிறது பாருங்கள். அந்தப் படம் உங்கள் போனில் குழந்தையின் பிறந்தநாள் போட்டோவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். சிஸ்டர்கள் பாஸ்வேர்டைப் பகிர்வது சோம்பலால் அல்ல. ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், லாகின் ஆகவே இரண்டு நிமிடம், மருந்து கொடுக்கும் நேரமோ காத்திருக்காது. தயவுசெய்து வார்டுக்குக் கூடுதல் கம்ப்யூட்டரும், கார்டைக் காட்டினால் திறக்கும் வசதியும் செய்து கொடுங்கள்.

அந்தப் பிளாஸ்திரியை நானே உரித்தேன். அடியில் இன்னொரு பிளாஸ்திரி இருந்தது, பழைய பாஸ்வேர்டோடு.