சைபர்பங்க்: ‘இணையப் போக்கிரி’ அல்ல, மின்னுதிரி

பெருநிறுவனங்களும் நவீனக் கருவிகளும் ஆளும் உலகத்தில் விளிம்பில் வாழ்பவர்களைச் சொல்லும் சைபர்பங்க் வகை அறிவியல் புனைகதைகளைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் ‘இணையப் போக்கிரிக் கதைகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு வந்து விழுகிறது. போன வாரம் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டேன். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் பற்றிய தன் துறைக்கு சைபர்நெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தார். கப்பலின் சுக்கான் பிடிப்பவரை, அதாவது நம் மீகாமனை, குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது அது. கவர்னர் என்ற சொல்லும் லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். (பூஜ்யத்தைச் சைபர் என்கிறோமே, அது வேறு, அரபுச் சொல்லான சிஃப்ரின் வழி வந்தது.) பங்க் ஆங்கிலத்தில் நெடுங்காலம் வசைச்சொல், 1970களில் ஓர் இசை இயக்கத்தின் பெயரானது. சைபர், பங்க் இரண்டையும் ஒட்டித் தன் சிறுகதைக்குத் தலைப்பாக வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் பெத்கி. கதை 1983-இல் அச்சானது. அடுத்த ஆண்டே வில்லியம் கிப்சனின் நியூரோமான்சர் நாவல் வெளிவந்தது, ஒரு வகைமைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சரி, ‘இணையம்’ எங்கிருந்து வந்தது? சைபர் கிரைமை இணையக் குற்றம் என்று எழுதிப் பழகிய கை, சைபர் என்று எங்கே கண்டாலும் இணையத்தைப் போட்டுவிடுகிறது. வேரில் இருப்பது வலையமைப்பு அல்ல, சுக்கான். யார் கையில் சுக்கான் இருக்கிறது, யார் வெறுமனே ஏற்றிச் செல்லப்படுகிறார்கள் என்பதுதான் இந்தக் கதைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. இணையம் என்று மாற்றியதும் அந்தக் கேள்வியே காணாமல் போய், கடவுச்சொல் திருடும் கதை என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார்.

‘போக்கிரி’ இன்னும் மோசம். பெத்கியின் கதையில் கணினியில் வால்தனம் செய்யும் பதின்வயதுப் பிள்ளைகள்தான் வருகிறார்கள், அங்கே அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகைமை அங்கேயே நிற்கவில்லை. பெருநிறுவனங்கள் அரசைவிடப் பெரிதாகிவிட்ட உலகத்தில், கையில் நவீனக் கருவியும் வயிற்றில் பசியுமாக விளிம்பில் அலைபவர்கள்தான் பின்னால் வந்த கதைகளின் மனிதர்கள். அவர்களைப் போக்கிரி என்று சொல்வது அந்த நிறுவனங்களின் வாய். கதை சொல்பவரின் வாய் இல்லை. எதிர்த்தரப்பின் வசையைத் தலைப்பிலேயே ஏற்றி வைப்பது மொழிபெயர்ப்பா?

இந்த உலகம் கற்பனையாகவும் இல்லை இப்போது. செயலி வழியாக வேலை பார்ப்பவருக்கு எந்த வேலை, என்ன கூலி என்பதை நிரல் தீர்மானிக்கிறது. ஏன் குறைந்தது என்று கேட்க ஒரு மேலாளர்கூடக் கிடையாது. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனம் பணச் சிக்கலில் அதைக் கைவிட்டதும், கண்ணுக்குள் இருக்கும் கருவியைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். இவர்களில் யார் போக்கிரி?

அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து, இன்னொரு முதல் பொருளோடு ஒட்டிவிட்டு ‘கலைச்சொல் தயார்’ என்று சொல்லும் பழக்கம் பெருகிவிட்டது. ஒரு கதையாவது படித்துவிட்டுப் பெயர் வையுங்கள். தவறான தமிழ்ச்சொல்லைவிட சைபர்பங்க் என்றே எழுதுவது எவ்வளவோ மேல், இதைத் தமிழ்மேல் உள்ள பற்றினால்தான் சொல்கிறேன்.

ஆனாலும் நமக்கென்று ஒரு சொல் வேண்டும். நான் சொல்வது ‘மின்னுதிரிப் புனைவு’. உதிரித் தொழிலாளர், உதிரிப் பாட்டாளி என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான் உதிரி. எந்த அமைப்பிலும் ஒட்டாமல், யார் கணக்கிலும் வராமல் வாழ்பவர்களை அது வசையில்லாமல் சொல்கிறது. மின் என்பது சுக்கானைச் சொல்லவில்லையே என்றால், உண்மைதான். மீகாமனை உள்ளே கொண்டுவர எவ்வளவோ முயன்றேன், வாயில் நுழையும் சொல் அமையவில்லை. மின்சாதன உதிரிபாகம் என்று சிலர் நினைப்பார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். நினைக்கட்டுமே! உடம்பில் பாகங்களை மாற்றிக்கொண்டு, தாங்களும் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எறியப்படக்கூடிய பாகங்களாக வாழும் மனிதர்களின் கதைதானே இது.

இனி நான் இப்படித்தான் எழுதப் போகிறேன். முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் சைபர்பங்க் என்றும் போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.