தூக்கிய ஜீப்பில் டயர் ஏன் உரசுகிறது?

தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தேன். இடது முன்சக்கரத்தில் ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் அதே சத்தம் வலது பக்கம். மேலே போய் இறங்கிப் பார்த்தேன். டயரின் உட்பக்கச் சுவர் விரலகலத்துக்குத் தேய்ந்து மினுமினுத்தது. எதிரே வண்டியின் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸில் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது.

அதற்கு முந்தின மாதம்தான் அந்தப் பழைய ஜீப்பை இரண்டு இன்ச் தூக்கி, 215/75 R15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 R15 போட்டிருந்தேன். அஞ்செட்டி, சித்தேரிப் பக்கத்துக் கல் பாதைகளில் அடி தட்டாமல் போக வேண்டும் என்ற ஆசை. “இன்னும் ஒரு இன்ச் தூக்கிட்டா சரியாயிடும்ணா” என்றார் பட்டறைத் தம்பி. நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து டேப்பும் பேப்பருமாக உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இன்னும் நான்கு இன்ச் தூக்கினாலும் இந்தச் சத்தம் போகாது.

டயர் எண்ணிலிருந்து தொடங்கலாம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது இன்ச் கணக்கில் ரிம்மின் விட்டம். கூட்டிப் பார்த்தால் பழைய டயரின் விட்டம் 703.5 மி.மீ., புதியது 733.5 மி.மீ. அதாவது சக்கரங்களைத் தாங்கும் தண்டான ஆக்சிலைச் சுற்றி எல்லாத் திசையிலும் 15 மி.மீ. வளர்ந்துவிட்டது. அகலம் 20 மி.மீ. கூடியதில் பாதி உள்ளே போயிருக்கிறது, பாதி வெளியே வந்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.6 கி.மீ. வேகத்தில் போகும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது தூக்குவதற்கு வருவோம். ஸ்பிரிங் பட்டையை மாற்றி வண்டியைத் தூக்கினால், நிற்கும்போது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடுகிறது. மட்கார்டுக்குள் கை நுழைகிற அளவு இடம் தெரியும். ஆனால் டயர் உரசுவது வண்டி நிற்கும்போது அல்ல. சக்கரம் ஒரு பாறை மேல் ஏறுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, ஆக்சில் மேலே போய்ப் போய்க் கடைசியில் சேஸிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்து நிற்கிறது. அந்த ரப்பர் பழைய இடத்திலேயே இருக்கும்வரை ஆக்சில் போகக்கூடிய உச்சியும் பழைய இடம்தான். இரண்டு இன்ச் தூக்கினாலும் சரி, மூன்று இன்ச் தூக்கினாலும் சரி, முழுதாக அமுங்கும்போது 15 மி.மீ. பெரிய டயர் அதே பழைய மட்கார்டுக்குள்தான் நுழைய வேண்டும்.

சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்கினால் மட்கார்டு மேலே போகும், சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். என் வண்டியில் உரசியது சேஸிஸ், அதனால் அதுவும் உதவாது.

ஆகவே எது எதில் படுகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. நான் செய்தது இதுதான். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து டயரின் உட்சுவரிலும் ஓரப் பட்டன்களிலும் பூசிக் காய விட்டேன். சமதளத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தேன். அப்புறம் இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் மண்மேட்டில் ஏற்றி, வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும்படி செய்து மறுபடி ஒடித்தேன். பிறகு பக்கம் மாற்றி அதே போல. எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் டயர் படுகிறது. கீழே குனிந்து பார்ப்பதென்றால் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

என் வண்டியில் மூன்று இடங்களில் வெள்ளை இருந்தது: சேஸிஸின் இரு பக்கமும், மட்கார்டின் மேல் விளிம்பு, பின்னால் மண்தடுப்பு ரப்பர்.

சேஸிஸ் உரசலுக்கான மருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் இருக்கிறது. ஸ்டீயரிங் இதற்கு மேல் திரும்பாதபடி தடுக்கும் போல்ட்டும் அதன் லாக் நட்டும். பல ஜீப்களில் ஒரு ஸ்பேனர் போதும். சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து அந்த போல்ட் 8 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, டயரின் ஓரம் 37 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டை ஒரு சுற்று வெளியே எடுத்தால் அது 1.5 மி.மீ. நகரும். டயரின் ஓரமோ கிட்டத்தட்ட 7 மி.மீ. விலகிவிடும். கதவை நிலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளினால் கைப்பிடிப் பக்கம் நிறைய நகர்வது போலத்தான். இடது, வலது போல்ட்களைத் தனித்தனியாகப் பார்த்து, விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் போல்ட்டை உள்ளே விடாதீர்கள். ஆக்சில் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்காமல் காப்பதும் அதே போல்ட்தான். இதற்கான விலை, வண்டி திரும்ப இடம் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

மட்கார்டு உரசலுக்குப் பம்ப் ஸ்டாப்பை இறக்க வேண்டும். லேத் பட்டறையில் 20 மி.மீ. கனத்தில் இரும்புக் கட்டை கடைந்து, ரப்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்து நீளமான போல்ட் போட்டோம், இரண்டு பக்கமும் ஒரே அளவில். தூக்கியதில் கிடைத்த 50 மி.மீ. அசைவில் 20 மி.மீ. திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சம் 30 என் கல் பாதைக்குத் தாராளம். மண்தடுப்பு ரப்பரைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டினால் முடிந்தது. தகர விளிம்பை மடிக்க வேண்டியிருந்தால் சுத்தியலால் மடியுங்கள். வெட்டினால் பிசிறை அரம் போட்டு எடுத்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்காமல் விடாதீர்கள்.

சேஸிஸ் உரசினால் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற கனமான வளையம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக்கரம் தான் திரும்பும் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக, திரும்பும்போது அது போடும் வட்டமும் பெரிதாகும். சேஸிஸ் தப்பிக்கும், மட்கார்டின் பின்மூலை மாட்டிக்கொள்ளும். பேரிங்குக்கும் சுமை கூடும். சந்தையில் கிடைக்கும் மலிவு ஸ்பேசரில் வீல் நட்டுக்குப் போதிய மரை கிடைக்காமல் போவது இன்னும் ஆபத்து.

பணம் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். தூக்கிய வண்டியில் சக்கரம் கீழே தொங்கும்போது ஹோஸ் விறைத்து நிற்கும். ஒடித்தால் பெரிய டயர் அதில் படும். இரண்டு நிலையிலும் கையால் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நீளமான ஹோஸ், தேய்ந்திருந்தால் புது ஹோஸ். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே சேலம் பக்கம் இறங்கும்போது ஹோஸ் விட்டால் என்ன ஆகும் என்று தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயர் சுவரில் நூல் தெரிந்தால் அந்த டயரும் அவ்வளவுதான், சுவருக்கு ஒட்டுப் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. டயரோ உயரமோ மாற்றும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். நான் தாமதமாகத்தான் கேட்டேன்.

வேலை முடிந்து மறுபடி சுண்ணாம்பு பூசி வத்தல்மலை ஏறினேன். முன்பு ஒரே ஒடிப்பில் திரும்பிய ஒரு வளைவில் இப்போது ஒரு ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. உச்சியில் நிறுத்திப் பார்த்தேன். உட்சுவரில் பூசிய சுண்ணாம்பு பூசியபடியே இருந்தது. வலது மண்தடுப்பில் மட்டும் லேசாக ஒரு வெள்ளைக் கோடு. கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்கினேன்.