ஆற்று மூங்கிலும் செரோக்கி கூடையும்

வட அமெரிக்காவுக்குச் சொந்த மூங்கில் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். தென்கிழக்கு அமெரிக்காவின் ஆற்றோரங்களில் 6, 7 மீட்டர் வரை வளரும் ஆற்று மூங்கில் அது. அப்பலாச்சிய மலைகளின் செரோக்கி மக்கள் கூடை, பாய், அம்பு, வேட்டைக்கான ஊதுகுழாய் எல்லாவற்றுக்கும் இதையே வெட்டினார்கள்.

இதன் சூட்சுமம் மண்ணுக்கடியில் இருக்கிறது. படுக்கையாக ஓடும் நிலத்தடித் தண்டுகள் வலைபோல் பின்னிக் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளம் நெருக்கமான கழிகளில் மோதி வேகம் குறையும், வண்டல் படியும். வயல்களிலிருந்து வரும் நைட்ரேட்டிலும் பெரும்பகுதி ஆற்றை எட்டாது. பூப்பதோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. பூத்த கழிகள் பட்டுப்போகும். விதையை நம்பிப் பயனில்லை.

தீ இதற்கு நண்பன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரித்தால் பழைய கழிகளும் நிழல்கட்டும் மரக்கன்றுகளும் கருகும். அடியில் பிழைத்த தண்டு புதுக் குருத்து விடும். இப்பகுதியின் பூர்வகுடிகள் அப்படித்தான் புதர்களைப் பேணினார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர்கள், மூங்கில் அடர்ந்த இடம் வளமான இடம் என்று தெரிந்துகொண்டு உழுதார்கள். மிச்சத்தை மாடுகள் மேய்ந்தன. பழைய பரப்பில் இன்று மிஞ்சியது சுமார் 2 சதவீதம்.

கூடைக்கு முற்றிய கழியை நான்காகப் பிளந்து, பளபளக்கும் மேல்தோலை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். கறுப்பு வால்நட் மரத்தின் வேர் பழுப்புச் சாயம் தரும். செரோக்கியரின் உச்சக் கைவண்ணம் இரட்டைப் பின்னல்: உள்கூடையின் அடியில் தொடங்கி விளிம்புவரை ஏறி, அங்கே பிளாச்சுகளை மடக்கி, வெளிக்கூடையாக இறங்கி அடியில் முடிப்பது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடைகள், நடுவில் வெட்டே கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரோலினாவிலிருந்து போன அப்படியொரு கூடை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வித்தை ஏறக்குறைய மறைந்தபின், 1940களில் லாட்டி ஸ்டாம்பர் என்ற செரோக்கி ஆசிரியை அந்தக் கூடையின் புகைப்படத்தைப் பார்த்தே பின்னலைப் பிடித்து மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கூடையே லண்டனில், படம் மட்டும் ஊரில்!

1838இல் அமெரிக்க அரசால் இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்ட செரோக்கியர்கள் அங்கே கிடைத்த பக்பிரஷ், ஹனிசக்கிள் கொடிகளுக்கு மாறினார்கள். வட கரோலினாவில் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் நல்ல மூங்கிலுக்காக வெளி மாநிலங்கள்வரை போக வேண்டியிருக்கிறது. அதனால் நிலத்தடித் தண்டுகளைத் தோண்டி நட்டு, கரைகளில் புதர்களை மீட்கும் வேலையும் நடக்கிறது. முதலில் வருபவை மெல்லிய கழிகள்தான். மூங்கில் முளைக்கும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதே பருமன். நிலத்தடித் தண்டு வலுத்துத் தடித்த குருத்து விடும்வரை, அதில் கூடை பின்ன வழியில்லை.