'பு' ஏன் 'ப' ஆனது?

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. பில்லில் கடை முகவரி எப்போதும் "கொழும்ப" என்றுதான் முடியும். காசாளராக இருக்கும் பெண் ஒவ்வொரு பில்லிலும் பேனையால் ஒரு கோடு இழுத்து அதைக் "கொழும்பு" ஆக்கிக் கொடுப்பார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ஒரு வருசம் இருக்கும் அண்ணா. சின்ன விசயம்தானே."

அங்கே ஓடுவது திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது என்பதால் உள்ளே திறந்து பார்க்க முடிந்தது. முகவரிக்கு 24 இடம். "கொழும்பு" நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் க, ொ, ழ, ு, ம, ், ப, ு எல்லாம் தனித்தனி. "செட்டியார் தெரு, கொழும்பு" என்பதை அப்படி எண்ணினால் 25. கடைசி உகரத்துக்கு இடமில்லை.

நானும் முதலில் சோம்பேறித்தனம்தான் பண்ணினேன். அந்தக் கணினியில் மட்டும் ஒரு வரியைத் திருத்திவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் அப்டேட் வந்து அதை அழித்துவிட்டது. மறுபடி பேனை. அப்புறம்தான் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன்.

"தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பதிப்பு எண், என்ன தட்டினோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இவை போதும். பில்லின் படத்தில் வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள், அந்த முறைப்பாடு உலகமே பார்க்கும் இடத்தில் கிடக்கும்.

"இதில் எது பிழை?" என்று பதில் வந்தது. தமிழ் தெரியாத மனிதர், பாவம். வட்டமிட்டுக் காட்டினேன். முழு எழுத்தாக எண்ணி வெட்டும் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த பதிப்பில் வந்துவிட்டது.

நிரல் என்னுடையது, சரி. ஆனால் பிழையைப் பிடித்தவர் காசாளர். "நாங்கள் சும்மா பாவிக்கிற ஆட்கள்" என்று தயங்குபவர்களுக்கு நான் சஹானாவைச் சொல்வேன். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது.

போன வாரம் காசாளர் இன்னொன்றைக் காட்டினார். நாம் "ஒகஸ்ட்" என்று எழுதுவது பில்லில் இந்திய வழக்கப்படி "ஆகஸ்ட்" என்று வருகிறதாம். இந்த முறைப்பாட்டை நீங்களே எழுதுங்கள் என்று விட்டிருக்கிறேன்.