நுரைப்பூவும் வரிநிழலும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை, மரத்தடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைக் கதிர்கள் எழும். எட்ட நின்று பார்த்தால் தரையில் நுரை ஒதுங்கியதுபோல் இருக்கும். அந்தச் செடியை ஆங்கிலத்தில் ஃபோம்ஃப்ளவர் என்கிறார்கள். தமிழில் நுரைப்பூ என்று சொல்லலாம்.

அந்தப் பெயர் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு பூவும் மிகச் சிறியது. ஐந்து வெள்ளை இதழ்கள், அவற்றைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் பத்து மகரந்தத் தாள்கள், அவ்வளவுதான். ஒரே கதிரில் இப்படிப் பல பூக்கள் நெருங்கி மலரும்போது தனி இதழ் எதுவும் கண்ணில் நிற்காது. தாள்களின் நுனிகள் ஒன்றோடொன்று கலந்து பூக்களின் விளிம்பே மங்கிப்போகும். அதைத்தான் நுரை என்று கண்டிருக்கிறார்கள்.

நுரை நம் மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. ஆங்கில ஃபோம், லத்தீன் ஸ்பூமா, சமஸ்கிருத பேன ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்தப் பேன, பேனம் என்ற வடிவில் தமிழ் அகராதியிலும் இருக்கிறது. ஆனாலும் பேச்சில் உயிரோடு இருப்பது நுரைதான், அதையே வைத்துக்கொள்ளலாம்.

அறிவியல் பெயர் வேறு கதை சொல்கிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு டியாரெல்லா கார்டிஃபோலியா என்று பெயரிட்டார். டியாரா என்பது கிரேக்க மொழி வழியாக வந்த சொல். பாரசீகர்கள் அணிந்த தலையணியை அது குறித்தது. அதை நிமிர்த்தி அணியும் உரிமை மன்னனுக்கு மட்டுமே இருந்தது. லத்தீனில் எல்லா என்ற விகுதி சேர்ந்தால் சிறியது என்று பொருள், ஆகவே டியாரெல்லா என்றால் சிறுமுடி. பெயர் பூவைப் பார்த்து வந்ததில்லை, காயைப் பார்த்து வந்தது. பூ உதிர்ந்தபின் உருவாகும் காயின் இரண்டு பகுதிகளில் ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும். அந்தச் சமமில்லாத வடிவத்தில் தாவரவியலாளர்கள் தலையணியைக் கண்டார்கள். நெருங்கிய உறவுச் செடியான மிடெல்லாவுக்கும் இதே வழியில்தான் பெயர் வந்தது. மைட்டர் என்னும் தலையணியின் சிறு வடிவம் என்று அதற்குப் பொருள்.

கார்டிஃபோலியா நமக்குப் பழகிய சொல். சீந்தில் கொடியின் அறிவியல் பெயர் டினோஸ்போரா கார்டிஃபோலியா. லத்தீனில் கார் என்றால் இதயம், ஃபோலியம் என்றால் இலை. இரண்டு செடிக்கும் வேறு எந்த உறவும் கிடையாது, இலையின் வடிவம் மட்டும் ஒன்று. நுரைப்பூவின் இலை இதய வடிவத்தில் தொடங்கி, மேப்பிள் இலைபோல விளிம்பில் மடல் மடலாகப் பிரியும்.

குடும்பப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். நுரைப்பூ சாக்ஸிஃப்ரகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்ஸிஃப்ரகா என்றால் கல்லை உடைப்பது. பாறை இடுக்கில் வளர்வதால் வந்த பெயர் என்றும், சிறுநீர்ப்பையில் சேரும் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையால் வந்தது என்றும் இரு விளக்கம் சொல்வார்கள். ஆயுர்வேதத்தில் பாஷாணபேதம் என்று ஒரு மூலிகை உண்டு, அதன் பொருளும் கல்லை உடைப்பதுதான். அந்தப் பெயரில் வழங்கும் இமயமலைச் செடியான பெர்ஜீனியா இதே குடும்பம். இரண்டு மரபுகளில் ஒரே பெயர் ஒரே குடும்பத்துச் செடிகளுக்கு வாய்த்திருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

இமயமலை என்றதும் இன்னொன்று. நுரைப்பூ அமெரிக்காவுக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். டியாரெல்லா பாலிஃபில்லா என்ற இனம் நேபாளம், சிக்கிம், பூட்டான், சீனா, ஜப்பான் மலைக்காடுகளில் வளர்கிறது. நேபாளத் தாவரங்களை ஆராய்ந்த டேவிட் டான் 1825இல் அதற்குப் பெயரிட்டார். ஜப்பானியர்கள் அதை ஸுடா யாகுஷு என்கிறார்கள். ஸுடா என்பது அங்குள்ள ஒரு வட்டார வழக்கில் ஆஸ்துமாவைக் குறிக்கும் சொல். பூ அழகைப் பார்க்காமல் மருந்துப் பயனைப் பார்த்து வைத்த பெயர் அது.

சரி, தோட்டச் சொற்களுக்கு வருவோம். நுரைப்பூவைப் பெரனியல் வகையில் சேர்ப்பார்கள். லத்தீனில் பெர் என்றால் ஊடாக, அன்னுஸ் என்றால் ஆண்டு. ஆண்டு முழுவதும் நிலைப்பது என்பதே முதல் பொருள். அதனால்தான் வற்றாத ஆற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வழங்குகிறது. ஆற்றுக்கு நம்மிடம் ஜீவநதி இருக்கிறது. செடிக்குப் பல்பருவத் தாவரம், பல்லாண்டுத் தாவரம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நான் பல்லாண்டின் பக்கம். பருவம் என்றால் நமக்குக் குறுவை, சம்பா மாதிரி ஒரு சாகுபடிக் காலமும் ஆகும், மழைக்காலமும் ஆகும். பல பருவம் வாழ்வதாகச் சொன்னால் ஒரே ஆண்டுக்குள் முடிந்துபோகும் செடியையும் அது குறித்துவிடும். பல்லாண்டில் அந்தக் குழப்பம் இல்லை. நீண்ட வாழ்வை வாழ்த்துவதைப் பல்லாண்டு பாடுதல் என்று சொல்லும் வழக்கமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது.

மரமும் புதரும்கூடப் பல்லாண்டு வாழ்பவைதான். தோட்டக்காரர்கள் பெரனியல் என்னும்போது தண்டு மரமாகத் தடிக்காத வகையைத்தான் குறிக்கிறார்கள். புல் பூண்டு என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்தப் பூண்டு இங்கே கச்சிதமாக உதவும். பல்லாண்டுப் பூண்டு என்றால் மேற்பகுதி குளிரில் மடிந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி. நுரைப்பூ இதில் சற்றே மாறுபட்டது. மிதமான குளிர் உள்ள இடங்களில் அதன் இலை முழுவதும் மடியாது, செம்பு நிறமேறிக் குளிர்காலம் முழுக்கத் தரையோடு கிடக்கும்.

அடுத்து உட்லண்ட். அகராதியைத் திறந்தால் காடு, சோலை, வனம் என்று கிடைக்கும். சோலை என்ற சொல்லுக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் நீலகிரி, பழனி மலைச் சோலைகள் ஆண்டு முழுவதும் பசுமையானவை, அங்கே தரையில் எந்த மாதமும் நிழல். நுரைப்பூவின் வீடு அப்படிப்பட்டதல்ல. மேப்பிள், ஓக், பீச் மரங்கள் இலையுதிர்த்து, குளிர்காலம் முழுக்க மொட்டையாக நின்று, இளவேனிலில் மறுபடி இலைவிடும் காடு அது. உதிர்காடு என்று சொல்வதே சரி. இளவேனில் என்ற நம் சொல்லும் அங்கே அழகாக உட்காரும். சித்திரையும் வைகாசியும்தான் இந்தப் பூக்களின் காலம்.

உதிர்காட்டில் நிழலுக்கு ஒரு காலக் கணக்கு உண்டு. பனி உருகும் மார்ச் கடைசியிலிருந்து மர இலைகள் விரிந்து மூடும் மே நடுப்பகுதிவரை, கிளைகளுக்கிடையே வெயில் தரையைத் தொடும். மண்ணில் உருகிய பனியின் ஈரமும் இருக்கும். காட்டுத்தரைச் செடிகள் ஆண்டின் பெரும்பகுதி உணவை அந்தச் சில வாரங்களில்தான் சேர்த்துக்கொள்கின்றன. அப்புறம் மேலே இலைக்கூரை மூடும்போது சில செடிகள் முழுவதுமாக மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். இவற்றை இளவேனில் குறுவாழ்விகள் எனலாம். நுரைப்பூ போன்றவை கிடைக்கும் சிதறல் வெளிச்சத்தில் இலையோடு இருந்துவிடும்.

அந்தச் சிதறல் வெளிச்ச நிழலுக்குத் தமிழில் என்ன சொல்? புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படையில், பாலை வழியில் நிற்கும் மராமரத்தின் வரிநிழலில் பாணர்கள் இளைப்பாறுகிறார்கள். வெயிலும் நிழலும் வரிவரியாக மாறி மாறி விழுவது வரிநிழல். பொருநராற்றுப்படை இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. இலையில்லாத மராமரத்தின் அடியில் வலையை விரித்ததுபோல் மென்னிழல் கிடக்கிறது என்கிறது. ஏப்ரலில் பென்சில்வேனியாவிலோ ஒன்டாரியோவிலோ ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்றால் கீழே விழுவது அதே வலைதான். பாலை வழியில் நடப்பவருக்கு மரத்தில் இலையில்லாதது துன்பம், நுரைப்பூவுக்கு அதுவே விருந்து. ஆனால் நிழலைப் பார்த்த கண் இரண்டு இடத்திலும் ஒன்று. எனவே இலையற்ற கிளைகளின் நிழலுக்கு மென்னிழல், இலைவிட்ட பின் ஆடும் வெயில்புள்ளிகளோடு கூடிய நிழலுக்கு வரிநிழல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் சொல்லாசை இல்லை, செடி பிழைப்பது இதில் இருக்கிறது. நர்சரி அட்டையில் பார்ட் ஷேட், ஃபுல் ஷேட் என்று போட்டிருப்பார்கள். முதலாவது சுமார் 3 முதல் 6 மணி நேர வெயில் விழும் இடம், அரைநிழல். இரண்டாவது அதற்கும் குறைவான வெயில், முழுநிழல். ஆனால் கட்டடத்தின் வடக்குச் சுவரோரம் விழுவதும் முழுநிழல், உயரமான ஓக் மரத்தடியும் முழுநிழல் என்றால் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. சுவர் ஏப்ரலில் இலையுதிர்த்து வழிவிடாது. சுவரோரத்தில் நுரைப்பூ சாகாது, ஆனால் பூ குறையும். மரத்தின் வரிநிழலில் அது கம்பளம்போல் படரும்.

மரத்தடி என்றால் எல்லா மரமும் ஒன்றில்லை. டொராண்டோ பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களின் பின்வளவில் பெரும்பாலும் நார்வே மேப்பிள் ஒன்று நிற்கும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நகரமெங்கும் நட்ட மரம். அதன் வேர் மேல்மண்ணிலேயே பாயாகப் பின்னி, விழும் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நிழலும் அடர்த்தி. அங்கே இருப்பது உலர்நிழல். நுரைப்பூவுக்கு ஈரநிழல் வேண்டும். ஓக் மரத்தடியில் வேர் நெருக்கம் குறைவு, அங்கே முயல்வது நல்லது. நார்வே மேப்பிளை விட்டால் வேறு மரமே இல்லை என்பவர்கள், அடிமரத்தை ஒட்டி நடாமல் கிளைகளின் வெளி விளிம்புக்குக் கீழே நடுங்கள்.

மண்ணில் மட்கு நிறைய வேண்டும், லேசான புளிப்புத்தன்மை நல்லது. இலையுதிர் காலத்தில் கூட்டிக் குப்பைப்பையில் அடைக்கும் சருகுதான் இதற்கு ஏற்ற உரம். அதை ஓரமாகக் குவித்து நனைத்து வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் கறுத்துப் பொலபொலவென்று இலைமட்காகும். பெரிய மேப்பிள் இலைகளை அப்படியே செடிமேல் குவித்தால் ஈரத்தில் ஒட்டி அடுக்காக மூடிவிடும். நறுக்கிப் போடுங்கள், செடியின் நடுக்குருத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் வாடுவதைவிடக் குளிர்காலத்தில் தேங்கும் நீரில் நடுத்தண்டு அழுகிச் செத்துப்போகும் நுரைப்பூக்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். களிமண் நிலத்தில் சற்று மேடாக்கி நடுவது இதனால்தான்.

இளவேனிலிலோ செப்டம்பரிலோ ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். முதல் ஆண்டு தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு படரும் வகை தானே ஓடுதண்டு விட்டு, கணுவில் வேர்பிடித்துப் பரவும். வல்லாரை படர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேர்விட்ட கன்றை வெட்டி எடுத்து வேறிடத்தில் வைத்தால் போதும். இலை காரணமில்லாமல் வாடிச் செடி கையோடு வந்துவிட்டால் வேரில் கூன்வண்டின் புழு இருக்கிறதா என்று பாருங்கள். மான்கள் பொதுவாக இதைத் தின்னாமல் விட்டுவிடும். ஹோஸ்டா என்ற நிழல்செடியை மானிடம் இழந்து சலித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

துணைக்கு என்ன வைக்கலாம்? நீலமாகப் பூக்கும் காட்டு ஃப்ளாக்ஸ் அதே நேரத்தில் மலர்வதால் நுரைப்பூவுக்குச் சிறந்த ஜோடி. ட்ரில்லியத்தில் எல்லாம் மூன்று: மூன்று இலை, மூன்று புல்லி, மூன்று இதழ். மூவிதழி என்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளை ட்ரில்லியம் 1937 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் மலர். அதன் விதையை எறும்புகள் இழுத்துச் சென்று பரப்புகின்றன. விதையிலிருந்து பூக்க ஏழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பூவைத் தண்டோடு பறித்தால் அதன் அடியிலேயே இருக்கும் மூன்று இலைகளும் போய்விடும், செடிக்கு அந்த ஆண்டு உணவே இருக்காது. காட்டில் தோண்டி எடுத்து வரவே வராதீர்கள்.

காட்டு இஞ்சி என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. அஸாரம் கனடென்ஸே என்ற அந்தச் செடியின் கிழங்கில் இஞ்சி மணம் வரும், உறவு எதுவும் இல்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் அதில் இருக்கிறது. தரைமூடியாக வளர்க்கலாம், சமையலறைக்கு வேண்டாம்.

வாங்கப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. தாவரவியலாளர் கய் நேசம் 2021இல் கிழக்கு அமெரிக்க நுரைப்பூவை ஐந்து இனங்களாகப் பிரித்தார். வடக்கே ஓடுதண்டு விட்டுப் படர்வதற்கு இப்போது டியாரெல்லா ஸ்டோலோனிஃபெரா என்று பெயர், நர்சரிகளில் இன்னும் கார்டிஃபோலியா என்றே பெயர்ப்பலகை இருக்கும். தெற்கத்திய வெர்ரி இனம் படராமல் கொத்தாக நிற்கும். அமெரிக்கத் தாவர ஆய்வாளர் எட்கர் வெர்ரியின் பெயரைத் தாங்கியது. ஹ்யூகெரெல்லா என்று விற்பது ஹ்யூகெரா என்ற உறவுச் செடியும் டியாரெல்லாவும் சேர்ந்த கலப்பு. பிரான்சின் நான்சி நகரத்து லெமுவான் நர்சரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் உருவாக்கியது. இலை நிறத்துக்காக வாங்கலாம், நுரைக்காக வாங்க வேண்டாம். தரையை மூட வேண்டுமானால் ஓடுதண்டு விடும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பானையைத் தூக்கி விளிம்பைப் பார்த்தாலே தெரியும், மெல்லிய தண்டுகள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.