டிங்கோ முன்னால் நிமிரணும், கங்காரு முன்னால் குனியணும்

ஆஸ்திரேலியக் காடுகளில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகளை அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம்தான் வரும். டிங்கோ என்கிற காட்டுநாய் நெருங்கினால் ஓடாதீர்கள், அதைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்று மெல்லப் பின்வாங்குங்கள் என்கிறது ஒன்று. பெரிய ஆண் கங்காரு விறைத்து நின்றால் நிமிரவே நிமிராதீர்கள், உடம்பைக் குறுக்கிக் குனிந்தபடி விலகிப் போங்கள் என்கிறது இன்னொன்று. காடும் ஒன்று, நிற்கிற ஆளும் ஒருவர். ஏன் இந்த நேர்மாறு?

எதிரே இருக்கும் விலங்கு நம்மை என்னவென்று நினைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கங்காரு புல் தின்பது, நம்மைத் தின்னும் எண்ணம் அதற்குக் கிடையாது. ஆனால் இரண்டு ஆண் கங்காருகள் மோதும்போது பின்னங்கால்களில் எழுந்து, முழு உயரத்தையும் காட்டித்தான் சண்டையைத் தொடங்கும். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் மனிதரும் அதற்கு அப்படியே ஒரு போட்டியாளர் மாதிரி தெரியலாம். குனிந்தால், ‘எனக்குச் சண்டை வேண்டாம்’ என்று அதற்குப் புரிகிற விதத்தில் சொல்லிவிடுகிறோம். டிங்கோவின் கணக்கு வேறு. அது வேட்டை விலங்கு. எதிரே இருப்பது எவ்வளவு பெரியது, திருப்பித் தாக்குமா, ஓடுமா என்று பார்க்கும். ஓடினால் துரத்தத் தோன்றும்.

இப்போது இந்தக் கணக்கில் ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துப் பாருங்கள். எடை 10, 11 கிலோ, உயரம் 80 சென்டிமீட்டர் போல. டிங்கோவின் எடை பொதுவாக 15 முதல் 20 கிலோ. தலையைத் தூக்கி நின்றால் அதன் கண்ணும் குழந்தையின் முகமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். போதாததற்குக் குழந்தை தடுமாறி ஓடுகிறது, விழுகிறது, கீச்சென்று கத்துகிறது. நாய் இனத்தின் விழித்திரையில், மங்கிய வெளிச்சத்திலும் அசைவைப் பிடிக்கும் கோல் செல்கள் நிறைய உண்டு. அசையாத பொருளைவிட அசையும் பொருள் சட்டென்று அதன் கவனத்தை இழுக்கும். அடிபட்ட சிறு பிராணி எப்படி அசையுமோ ஏறக்குறைய அப்படித்தான் நம் வீட்டுக் குழந்தை சந்தோஷமாக விளையாடுகிறது. இதை எழுதவே மனசு கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், முன்பு ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்ட கர்ரி தீவில், பிள்ளைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். 2001-இல் அங்கே 9 வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோ தாக்கி இறந்தான். 2019 ஏப்ரலில், பெற்றோரோடு முகாம் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 14 மாதக் குழந்தையை டிங்கோ இழுத்துப் போனது. அப்பா துரத்திப் போய் மீட்டதால் குழந்தை பிழைத்தது. பெரியவர் ஒருவர் ஒட்டி நின்றால் விலங்கின் கண்ணுக்குக் குழந்தை தனி உருவமாகத் தெரியாமல் போகலாம். ஓர் உயரமான, திருப்பித் தாக்கக்கூடிய உருவம் தெரியலாம். கைக்கெட்டும் தூரம் என்பதன் அர்த்தம் அதுவும்தான்.

சரி, மனிதரைக் கண்டாலே விலக வேண்டிய காட்டு விலங்கு இவ்வளவு கிட்டே எப்படி வருகிறது? ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு. ஆபத்து அந்த எல்லைக்குள் வந்தால்தான் அது ஓடும். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆட்கள் வந்து போகிறார்கள், தீங்கு எதுவும் நடக்கவில்லை என்றால் இந்தத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதில் சாப்பாடும் சேர்ந்தால் கதையே மாறிவிடும். ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று ரொட்டித் துண்டு போடுகிறவர்கள் நினைப்பதற்கு நேர் எதிராகத்தான் விலங்கின் மூளை வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் கிடைத்த தீனி நின்றுபோனால் அது சீக்கிரமே வருவதை நிறுத்தும். எப்போதாவது கிடைத்த தீனியை அவ்வளவு லேசில் மறக்காது, ‘அடுத்த முறை கிடைக்கும்’ என்று திரும்பத் திரும்ப முயலும். குழந்தை சாப்பிடும்போது பாதி கீழே சிந்தும். கையில் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே நடக்கும். எனவே சாப்பாடு முடியும்வரை உட்கார வைத்து, சிந்தியதைப் பொறுக்கிவிட்டு எழுவது நல்லது. அழுக்கு டயாபரையும் புதைக்காமல் மூடிக் கட்டி வெளியே எடுத்துப் போய்விட வேண்டும். மோப்பம் பிடித்துத் தோண்டும் மூக்குக்கு ஒரு சாண் மண் ஒரு தடையே இல்லை.

ராத்திரியில் காட்டைக் குழந்தைக்குக் காட்ட அருமையான வழி ஒன்று இருக்கிறது. டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்வெளியை மெதுவாகத் துழாவுங்கள். அங்கங்கே பச்சையும் நீலமும் கலந்த பொட்டு வெளிச்சங்கள் மினுங்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்தி. அதன் கண்ணுக்குள் இருக்கும் பிரதிபலிப்புப் படலம், உள்ளே வந்த ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் திரும்பும் ஒளி இடுப்புக்கே போய்விடும், நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாஸம் என்கிற மரமேறும் சிறு பிராணி, டிங்கோ, முதலை எல்லாவற்றின் கண்ணும் இப்படித்தான் மின்னும். அப்படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளி விழித்திரையை இரண்டாம் முறை கடப்பதால், குறைந்த வெளிச்சத்திலும் அவற்றுக்குப் பார்வை தெளிகிறது.

பாம்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும். ஆஸ்திரேலியாவின் கொடிய நஞ்சுள்ள கிழக்குப் பழுப்புப் பாம்பின் பற்கள் சில மில்லிமீட்டர்தான். கடித்த இடம் வலிக்காமலும் போகலாம், தடமே தெரியாமலும் போகலாம். பேசத் தெரியாத குழந்தையால் ‘பாம்பு கடித்தது’ என்று சொல்ல முடியாது. புல்லில் விளையாடிய குழந்தை திடீரெனச் சரிந்து விழுந்தாலோ, காரணமில்லாமல் வாந்தி எடுத்தாலோ பாம்புக்கடியையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியப் பாம்புகளின் நஞ்சில் உள்ள பெரிய புரதங்கள் முதலில், திசுக்களில் ஊறும் நிணநீர் என்கிற தெளிந்த திரவம் ஓடும் குழாய்கள் வழியாகத்தான் பெருமளவு நகர்கின்றன. நிணநீரைத் தள்ள இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. தசை சுருங்கி விரியும்போது அது பிதுங்கி முன்னேறுகிறது. மெல்போர்னில் ஸ்ட்ருவான் சதர்லாண்ட் என்ற நஞ்சு ஆய்வாளர் 1970-களின் கடைசியில் இதை வைத்துத்தான் ஒரு முதலுதவியை உருவாக்கினார். அகலமான எலாஸ்டிக் துணிக்கட்டு ஒன்றை, பாம்பு கடித்த இடத்தின் மேல் சுற்றி, பிறகு விரல் பக்கமிருந்து தொடங்கிக் கை அல்லது கால் முழுக்கவும் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே விரல் எளிதாக நுழையக் கூடாது. நிணநீர்க் குழாயை நசுக்க இந்த அழுத்தம் போதும், தமனியின் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே கயிற்றால் இறுக்குவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடித்த இடத்தைக் கழுவவும் கூடாது, தோலில் மிஞ்சிய நஞ்சு மருத்துவமனைச் சோதனைக்கு உதவலாம்.

கட்டு பாதி வேலைதான். மீதி, தசை அசையாமல் இருப்பது. பயந்து உதைத்து அழும் குழந்தை, தன் காலாலேயே நஞ்சை மேலே தள்ளுகிறது. எனவே ஒரு குச்சியை வைத்துக் காலை அசையாமல் கட்டி, மடியில் படுக்கவைத்து, பாட்டோ கதையோ சொல்லி அமைதிப்படுத்துங்கள். இதுவும் சிகிச்சைதான். நடக்க விடாதீர்கள், உதவியை நீங்கள் இருக்கும் இடத்துக்கே வரவழையுங்கள். 000 என்ற அவசர எண்ணுக்கு சிக்னல் கிடைக்காத காடுகள் ஏராளம், ஆகவே செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். புனல்வலைச் சிலந்தி கடித்தாலும் இதே கட்டுதான். செம்முதுகுச் சிலந்திக்கு மட்டும் வேண்டாம், அதன் நஞ்சு மெதுவாக வேலை செய்வது, கட்டினால் வலிதான் கூடும்.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து தயாராகும் முன் கட்டை அவிழ்த்தால், அடைபட்டிருந்த நஞ்சு ஒரே மூச்சில் உள்ளே பாயலாம். அதனால் மருத்துவர்கள் சொல்லும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது. குழந்தைக்கு அந்த மருந்தை எடை பார்த்துக் குறைத்துக் கொடுப்பதில்லை, பெரியவருக்குத் தரும் அதே அளவுதான். முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய நஞ்சை, பாம்போ ஆளின் எடை பார்த்துக் கடிப்பதில்லை. பெரியவரின் உடம்பில் பரவும் அதே நஞ்சு 11 கிலோ உடம்பில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்று யோசித்தால், அந்த எலாஸ்டிக் கட்டை ஏன் பையின் அடியில் போடாமல் மேலேயே வைக்கச் சொல்கிறார்கள் என்பது புரியும்.